எக்ஸ்ரேவை அணைத்துவிட்டுப் பார்த்தபோது

2018 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. வடபழனி மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கேமிங் சென்டர். அதன் முதல் மாடியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கவுண்டர் ஸ்டிரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் கேமில் போட்டி நடத்திக்கொண்டிருந்தோம். 16 டீம், டீமுக்கு 500 ரூபாய் கட்டணம். வாசலில் புயல் நிவாரணத்துக்கு ஒரு டப்பா வைத்திருந்தோம். தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னுடையது.

அரையிறுதி. டஸ்ட் 2 மேப், 22ஆவது ரவுண்ட். பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த டீமில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் பி ஸைட்டில் தனியாக நிற்கிறான். டனல் வாயில் அவனே போட்ட ஸ்மோக், அதாவது புகைக்குண்டின் புகை, வெள்ளைத் திரை மாதிரி நிற்கிறது. அதற்குப் பின்னால் எதிர் டீம் ஆட்கள் இரண்டு பேர். பையன் அசையவில்லை. திடீரென்று ஸ்மோக்குக்குள் மூன்று தோட்டா விட்டான். ஒருவன் ஹெட்ஷாட்டில் விழுந்தான். குறியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி இன்னும் மூன்று. இரண்டாவது ஆளும் காலி.

மாடி முழுக்க ஒரே சத்தம். "வால்டா! பட்டப்பகல்ல வால் அடிக்கிறான்டா!" சுவருக்குப் பின்னாலும் எதிரியைப் பார்க்கிற திருட்டு புரோகிராம் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ஆட்டத்தை நிறுத்தினேன். அந்தப் பையனின் கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது. உள்ளே அவனுடைய கேம் செட்டிங் அடங்கிய கான்ஃபிக் ஃபைல், அத்தோடு எழுத்தும் எண்ணும் கலந்த, பொருளே இல்லாத பெயரில் ஒரு எக்ஸி ஃபைல், அதாவது ஓட்டக்கூடிய புரோகிராம். "இது என்ன?" என்று கேட்டேன். "மவுஸ் டிரைவர் ணா. ரிச்சி தெருவுல வாங்கின மவுஸு. அது இல்லாம டிபிஐ செட் ஆவாது ணா" என்றான். டிபிஐ என்பது மவுஸின் வேக அளவு. ஆட்டத்தின் பதிவை, டெமோ என்போம், ஓட்டிப் பார்த்தேன். ஸ்மோக்குக்குப் பின்னால் எதிரி நகர நகர, இவன் குறியும் கூடவே நகர்கிற மாதிரிதான் தெரிந்தது. இருபதே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னேன். டீம் வெளியே.

அவன் அழவில்லை, கத்தவும் இல்லை. "போடல ணா" என்று இரண்டு முறை சொன்னான். பிறகு ஹெட்செட்டின் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அந்த ஹெட்செட்டில் ஒரு பக்கம் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. அது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று என் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஐந்து வாரம் முன்பு, அக்டோபர் 19 அன்று, ஷாங்காயில் எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற கவுண்டர் ஸ்டிரைக் போட்டி. ஆப்டிக் இந்தியா டீம் வியட்நாமின் ரெவல்யூஷனோடு ஆடிக்கொண்டிருந்தபோது நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். 'ஃபோர்சேக்கன்' என்ற பெயரில் ஆடிய வீரரின் கம்ப்யூட்டரில் எய்ம்பாட், அதாவது குறியைத் தானே எதிரி மேல் இழுத்துப் போகும் புரோகிராம், இருந்தது. ஃபைலின் பெயர் வேர்ட்.எக்ஸி. நடுவர் கையிலிருந்து மவுஸைப் பறிக்க அவர் முயல்வதை உலகம் முழுக்க வீடியோவில் பார்த்தது. டீம் கலைக்கப்பட்டது. வீரருக்கு ஐந்தாண்டுத் தடை. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு மேடையில் ஏறிய சிலரில் ஒரு டீம் அது. அவர்களுடைய ஆட்டத்தை ஆபீஸ் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தவன் நான். அந்த வாரம் நான் பட்டது துக்கவீட்டு வேதனை என்றால் மிகையில்லை. அடுத்த பல மாதங்களுக்கு எந்த சர்வரில் போய் 'இந்தியா' என்று சொன்னாலும் பதிலுக்கு 'வேர்ட்.எக்ஸி' என்று வந்து விழும்.

அதனால் எங்கள் போட்டியில் ஒருத்தன்கூடத் தப்பிக்கக் கூடாது என்று நெஞ்சுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். பெயர் புரியாத ஒரு எக்ஸி ஃபைல் கண்ணில் பட்டதும் ஷாங்காய்தான் தெரிந்தது. எதிரில் நின்ற பையன் தெரியவில்லை.

இதைப் படிக்கிற எல்லோரும் கேம் ஆடுகிறவர்களாக இருக்க மாட்டீர்கள். அதனால் 'வால்' என்றால் என்ன, அதைப் பிடிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆன்லைனில் பத்துப் பேர் ஆடும்போது, நடப்பதையெல்லாம் கணக்கு வைத்திருப்பது சர்வர். யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்று ஒவ்வொருவர் கம்ப்யூட்டருக்கும் நொடிக்குப் பலமுறை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சுவருக்குப் பின்னால் நிற்கிற எதிரியின் இடமும் அதில் வந்துவிடும். அவன் மூலையைத் தாண்டித் தலையை நீட்டுகிற நொடியில் படம் தயாராக இருக்க வேண்டுமே, அப்போது போய்க் கேட்டு வாங்க நேரம் இருக்காது. ஆக, எதிரி எங்கே என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்பே தெரியும். உங்களிடம் காட்டாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். அந்த மெமரியை வாசித்துத் திரையில் வரைந்து காட்டுவது வால்ஹேக். அதே மெமரியிலிருந்து உங்கள் கண்ணுக்கும் எதிரியின் தலைக்கும் நடுவே உள்ள கோணத்தைக் கணக்குப் போட்டு, மவுஸை அங்கே இழுத்துப் போவது எய்ம்பாட்.

பிளஸ் டூ பரீட்சை ஹாலில் ஒவ்வொரு பிள்ளையின் மேஜைக்குள்ளும் விடைகளை வைத்துப் பூட்டிவிட்டு, சாவியையும் அவன் பையிலேயே போட்டு, "திறக்காதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெரும்பாலான பிள்ளைகள் திறக்க மாட்டார்கள் என்பதை நான் உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் திறக்கிற ஒருவன் போதும், மற்ற எல்லோருடைய மார்க்கும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

இதற்குச் சரியான மருந்து, விடையையே மேஜையில் வைக்காமல் இருப்பதுதான். 2020இல் வந்த வேலரன்ட் கேமில் ரயட் நிறுவனம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. 'ஃபாக் ஆஃப் வார்' என்று பெயர். எதிரி உங்கள் பார்வைக்குள் வரப்போகிறான் என்ற கட்டம் வரும்வரை அவன் இருக்கும் இடத்தை சர்வர் உங்களுக்கு அனுப்பாது. அனுப்பாததை எந்த ஹேக்கும் வாசிக்க முடியாது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். யாரையும் சந்தேகப்படவும் வேண்டாம், யாருடைய பையையும் சோதிக்கவும் வேண்டாம்.

ஆனால் முழுவதையும் அப்படி மறைத்துவிட முடியாது. கண்ணெதிரே வந்த எதிரியின் இடத்தைத் தந்துதான் ஆக வேண்டும். எய்ம்பாட்டுக்கு அது போதும். அதனால் பறக்கும் படையும் வேண்டியிருக்கிறது. அதே கேமின் வேன்கார்ட் என்ற காவல் புரோகிராம் கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே எழுந்துகொள்ளும். விண்டோஸின் அடிமட்டமான கெர்னலில் உட்கார்ந்திருக்கும். ஹேக் எழுதுகிறவர்கள் அந்த ஆழம்வரை இறங்கிவிட்டார்கள், அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தால்தான் பிடிக்க முடியும் என்பது ரயட் சொல்லும் நியாயம். நியாயம்தான். போட்டி நடத்துகிற கம்ப்யூட்டர்களில் அதைத் தயங்காமல் போடுவேன். ஆனால் என் தங்கை பேங்க் வேலை பார்க்கிற, அப்பா பென்ஷன் விவரம் பார்க்கிற வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்றுவரை போட்டதில்லை. ஒரு விளையாட்டுக்காக வீட்டின் ஆணிவேர்வரை ஒருவருக்குச் சாவி கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. கேம் ஆடுவதற்கென்று பழைய மெஷின் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன். எல்லோராலும் அது முடியாது என்பதும் தெரியும்.

கெர்னலிலும் காவல் போட்ட பிறகு திருட்டு ஹார்ட்வேருக்குப் போய்விட்டது. மதர்போர்டில் ஒரு கார்டைச் செருகி, கேம் ஓடுகிற கம்ப்யூட்டரின் மெமரியை அதன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடுகிறார்கள். எதிரிகள் நிற்கும் இடம் அந்த இரண்டாவது கம்ப்யூட்டரில் தெரியும். முதல் கம்ப்யூட்டரில் தேடினால் புரோகிராம் எதுவும் அகப்படாது. பணம் நிறைய செலவாகும். அவ்வளவு செலவழித்து ஒரு விளையாட்டில் பொய்யாக ஜெயிப்பதில் என்ன கிடைக்கிறது என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். சிலருக்குப் பரிசுப் பணம். சிலருக்கு ரேங்கை ஏற்றி ஐடியை விற்கிற வியாபாரம். வேறு சிலரோ அதைத் தங்கள் திறமை என்றே நம்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். கல்லூரி நாட்களில் என் அறைத்தோழன் ஒருவன் அப்படித்தான் இருந்தான். ஹேக்கை நிறுத்தியதும் ஆடவே வரவில்லை. அதோடு கேமையே விட்டுவிட்டான்.

பிடிப்பதைவிடக் கடினமானது, பிடித்த பிறகு பொறுமையாக இருப்பது. கவுண்டர் ஸ்டிரைக்கின் சொந்தக்காரர்களான வால்வ் நிறுவனம் 2002இலிருந்து ஹேக்கைக் கண்டுபிடிக்க வேக் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அது ஹேக்கரைக் கண்ட உடனே பெரும்பாலும் தூக்குவதில்லை. சில நாள், சில வாரம் விட்டுவைத்து, மொத்தமாக ஒரே நாளில் பேன் அடிக்கும், அதாவது தடை போடும். "ரிப்போர்ட் பண்ணி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் ஆடிக்கிட்டே இருக்கான் மச்சி" என்று நண்பர்கள் கொதிப்பார்கள். நானும் கொதித்திருக்கிறேன். ஆனால் உடனே பேன் செய்தால், எந்த வரியில் மாட்டினோம் என்பது ஹேக் விற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மறுநாளே அந்த வரியை மாற்றிவிடுவான். மொத்தமாகச் செய்யும்போது எது காட்டிக்கொடுத்தது என்று அவனால் கண்டுபிடிக்க முடியாது.

2023 பிப்ரவரியில் டோட்டா 2 கேமில் வால்வ் செய்தது இன்னும் அழகு. ஓர் அப்டேட்டில், நேர்மையாக ஆடுகிற யாருடைய கேமும் ஒருபோதும் வாசிக்காத ஒரு மூலையில் கொஞ்சம் டேட்டாவை வைத்தார்கள். ஹேக் மட்டும்தான் அந்த மூலையைத் தொடும். எலிப்பொறியில் கருவாடு வைப்பது போலத்தான். 40,000க்கும் மேற்பட்ட கணக்குகள் அதில் விழுந்தன. நான் இதில் கவனித்தது எண்ணிக்கையை அல்ல. அந்தக் கணக்குகளில் யாரும் 'நன்றாக ஆடினான்' என்பதற்காக மாட்டவில்லை. கையில் மசி ஒட்டியிருந்தவன் மட்டுமே மாட்டினான்.

நான் அந்தப் பையனைப் பிடித்தது, அவன் நன்றாக ஆடினான் என்பதற்காக.

டிசம்பரில் அந்தப் போட்டியின் டெமோக்களை யூடியூபில் போடுவதற்காக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அந்த அரையிறுதியை 'ஹேக்கர் பிடிபட்ட மேட்ச்' என்று தனியாகப் போடலாம் என்று டீமில் ஒருவர் சொன்னார். அதற்காக அந்தப் பையனின் முழு ஆட்டத்தையும் முதல் ரவுண்டிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். போட்டி நாளன்று சந்தேகத்துக்குரிய நாலைந்து ரவுண்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். அதுவும் எக்ஸ்ரே போட்டு.

டெமோ பார்க்கும்போது எக்ஸ்ரே என்று ஒரு வசதி உண்டு. சுவருக்குப் பின்னால் இருக்கிற எல்லோரும் நிறக்கோடுகளாகத் தெரிவார்கள். கமென்ட்ரி செய்கிறவர்களுக்கு ரொம்ப உதவியானது. ஆனால் ஒருவன் ஹேக் போடுகிறானா என்று பார்க்கும்போது அதைப் போட்டுவைத்தால், வால்ஹேக் இருப்பது பார்க்கிற நமக்குத்தான். சுவருக்குப் பின்னால் எதிரி நடப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. திரையின் நடுவில் இவனுடைய குறி எப்படியும் கொஞ்சம் அங்குமிங்கும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டையும் நம் மனமே முடிச்சுப் போட்டுவிடும். 'பார், பின்தொடர்கிறான்' என்று அது சொல்லும். எக்ஸ்ரேவை அணைத்ததும் அதே ரவுண்டில் ஒருவன் சும்மா ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எங்கள் சர்வர் நொடிக்கு 128 முறை கணக்குப் போட்டது. டெமோவை நாங்கள் பதிவு செய்ததோ நொடிக்கு 32 முறை. நாலில் ஒரு பங்கு. அதாவது கை மெதுவாக இழுத்த ஓர் அசைவில் நடுவே இருந்ததெல்லாம் போய்விடும். பார்க்கும்போது குறி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிற மாதிரி இருக்கும். எய்ம்பாட்டின் அடையாளம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த 'தாவல்' அதுதான். செட்டிங்கை அந்த அளவில் வைத்தவன் நானே. பிழைப்புக்கு நான் செய்வது மென்பொருள் சோதனை வேலை. பதிவுக் கருவியின் குறையை, சோதிக்கப்படுகிற பொருளின் குறையாக எண்ணக் கூடாது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன். அன்று மேடையில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

எண்ண ஆரம்பித்தேன். 22 ரவுண்டில் அவன் 31 முறை ஏதாவது ஒரு மூலையைக் குறிவைத்துக் காத்திருக்கிறான். அதில் 19 முறை அந்தப் பக்கம் யாரும் வரவே இல்லை. வெறும் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறான். போட்டி நாளில் நானும் மாடியில் இருந்த நாற்பது பேரும் எண்ணியது மீதிப் பன்னிரண்டை மட்டும்.

பிறகு 9ஆவது ரவுண்ட். அதை அன்று நான் தொடவே இல்லை, அவன் அதில் எளிதாகச் செத்துப்போனான் என்பதால். எதிர் டீம் ஆள் ஒருவன் பெட்டியிலிருந்து வேண்டுமென்றே தொப்பென்று குதித்துச் சத்தம் காட்டிவிட்டு, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அரவமில்லாமல் மறுபக்கம் சுற்றி வருகிறான். பையன் சத்தம் வந்த பக்கம் திரும்பி, அங்கேயே குறிவைத்து முழுசாக நாலு நொடி நிற்கிறான். பின்மண்டையில் குண்டு வாங்கி விழுகிறான். சுவருக்குப் பின்னால் பார்க்கத் தெரிந்தவன் எவனும் அப்படிச் சாக மாட்டான்.

இரவு ஒரு மணி இருக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எக்ஸ்ரே இல்லாமல், 22ஆவது ரவுண்டை அவன் பார்வையிலிருந்தே ஓட்டினேன். ஸ்மோக் பரவுகிறது. அதற்குள்ளிருந்து, வலப்பக்கம், கிரனேடின் பின் கழற்றுகிற சின்ன 'டிக்'. அரை நொடி கழித்து அவன் சுடுகிறான். இடப்பக்கம் ஓர் ஆள் பதறி இரண்டடி ஓடுகிற காலடிச் சத்தம். அங்கே சுடுகிறான். மாடியில் அன்று இருந்த கூச்சலில் எங்கள் யாருக்கும் இது கேட்டிருக்காது. அவன் காதில் ஹெட்செட் இருந்தது.

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று ஆயா சொல்லும். நான் கண்டது பொய். அவன் கேட்டது மெய். விசாரிக்க வேண்டியவனாக இருந்தது நான் ஒருவன்தான்.

பென்டிரைவில் இருந்த எக்ஸி ஃபைலை அன்றே ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். பழைய மெஷினில் ஓட்டினேன். டிபிஐ மாற்றுகிற ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. மவுஸ் டிரைவர்.

அதே 2018 மார்ச்சில், கேம் உருவாக்குகிறவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில், வால்வின் ஜான் மெக்டொனால்ட் ஓர் உரை நிகழ்த்தியிருந்தார். அதை இதற்குப் பிறகுதான் கேட்டேன். 2013இலிருந்து கவுண்டர் ஸ்டிரைக்கில் ஓவர்வாட்ச் என்று ஒன்று இருந்தது. புகார் வந்தவனின் டெமோவை அனுபவமுள்ள மற்ற ஆட்டக்காரர்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சாதாரண ஆட்டக்காரர்களின் புகாரால் அங்கே போன வழக்குகளில் 15 முதல் 30 சதவீதம்தான் குற்றம் என்று முடிந்தன. வேக்நெட் என்ற கற்கும் இயந்திரம், சுடும்போது குறி எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்து அனுப்பியவற்றில் 80 முதல் 95 சதவீதம். நீண்ட நேரம் அந்த முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து முறை "ஹேக்டா" என்று கத்தினால் குறைந்தது ஏழு முறை ருசுவாகவில்லை என்று அர்த்தம். இயந்திரத்துக்குக்கூட அங்கே தண்டிக்கிற அதிகாரம் தரவில்லை, மனிதர்கள் பார்ப்பதற்கு அனுப்புகிற வேலை மட்டும்தான். நான் என்ன செய்தேன்? புகாரும் நானே, சாட்சியும் நானே, இருபது நிமிடத்தில் நீதிபதியும் நானே.

செஸ்ஸில் இதைவிடத் தெளிவாகச் செய்ய முடிகிறது. எங்கள் தெருவில் செஸ் கிளாஸ் போகாத பிள்ளை குறைவு, அதனால் இதுபற்றி அடிக்கடி பேச்சு வரும். 2021 ஜூனில் கொரோனா நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் ஆன்லைனில் பிரபலங்களோடு ஆடினார். தொழிலதிபர் ஒருவர் அவரை ஜெயித்துவிட்டார். கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதாக மறுநாள் அவரே ஒப்புக்கொண்டார். செஸ்ஸில் ஒவ்வொரு நகர்த்தலும் எழுத்தில் இருக்கிறது, மொத்த ஆட்டத்தையும் இயந்திரத்தோடு ஒப்பிட்டுவிடலாம். அங்கேயும் பொதுவாக ஒரு மேட்சை மட்டும் வைத்து யாரையும் முடிவுகட்டுவதில்லை, பல ஆட்டங்களைச் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். நல்ல நகர்த்தல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எல்லோருமே இயந்திரம் மாதிரிதான் தெரிவார்கள்.

திருத்தம் எழுதி, அந்தச் செய்தி போன எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். 'ஹேக்கர்' என்ற செய்தி ஒரு மணி நேரத்தில் சென்னை முழுக்கப் போயிருந்தது. திருத்தத்துக்குச் சில கட்டைவிரல்கள் வந்தன. "ஏதோ உள்ளுக்குள்ள பேசி முடிச்சிருப்பாங்க" என்று ஒருவர் எழுதினார். அவருக்கு விளக்கமாகப் பதில் எழுதினேன். டெமோவை முழுசாகப் பாருங்கள், எக்ஸ்ரே இல்லாமல், ஹெட்செட் போட்டு, என்று. பார்த்தாரா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் தீர்ப்புச் சொல்கிற இடங்களில் இரண்டு பேர் தனித்தனியாக டெமோ பார்த்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்தால்தான் யாரையும் வெளியே அனுப்புவோம். டெமோ சர்வர் வேகத்திலேயே பதிவாகும். பார்க்கிறவர்களில் ஒருவருக்கு எக்ஸ்ரே கிடையாது. மவுஸ் டிரைவர், கான்ஃபிக் எல்லாவற்றையும் போட்டிக்கு முந்தின நாளே வாங்கி நாங்களே ஏற்றிவிடுகிறோம். போட்டி தாமதமாகும், திட்டு விழும். விழட்டும். இதற்குப் பின் இரண்டு உண்மையான ஹேக்கர்களைப் பிடித்திருக்கிறோம். இரண்டு முறையும் ஒரு நாளுக்கு மேல் ஆனது. இரண்டு முறையும் எனக்கு இரவு தூக்கம் கெடவில்லை.

இப்போது பையன்கள் பெரும்பாலும் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டைக் கேம் ஆடுகிறார்கள். அங்கே ஐடியை மட்டுமின்றி, ஹேக் போட்ட போனையே பேன் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் போன் ஒருவர் கையோடு நிற்பதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியவன் முந்தைய சொந்தக்காரன் செய்ததற்கு யாரிடம் போய் முறையிடுவான்? இந்தக் கேள்வியை விதி எழுதுகிறவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2019 பொங்கல் முடிந்த வாரம் பெரம்பூருக்குப் போனேன். அவர்கள் டீம் கேப்டனிடம் விலாசம் வாங்கியிருந்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த பிரௌசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், எல்லாமே பழசு. கடைசி மெஷினில் அவன் உட்கார்ந்திருந்தான். கேம் ஆடவில்லை, யாருக்கோ ரேஷன் கார்டு விண்ணப்பம் பூர்த்தி செய்துகொண்டிருந்தான். மாலையில் அங்கே வேலை பார்க்கிறானாம்.

"தம்பி, தப்பு என்னோடது. டெமோவ முழுசா பாத்தேன். நீ எதுவும் போடல" என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விண்ணப்பத்தைச் சேமித்தான். "அத அன்னிக்கே சொன்னேனே ணா."

சொன்னான்தான். இரண்டு முறை.

கட்டணப் பணத்தை நீட்டினேன். "காச கேப்டன் கிட்ட குடுத்துருங்க ணா, அவன்தான் போட்டான்" என்றான். டீம் கலைந்துவிட்டது என்றும் சொன்னான். மற்ற நால்வரில் இரண்டு பேர் இவன் ஹேக் போட்டிருப்பான் என்றே நம்பினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஸ்மோக்குக்குள் எப்படிச் சுடக் கற்றாய் என்று கேட்டேன். தான் உட்கார்ந்திருந்த மெஷினைத் தட்டிக்காட்டினான். "இதுல ஸ்மோக் விழுந்தா படமே நின்னுடும் ணா. பாத்து ஒண்ணும் பிரயோஜனம் இல்ல. சத்தம் மட்டும் நிக்காது. அதக் கேட்டுக் கேட்டுப் பழகிட்டேன்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவனே கேட்டான். "அந்த டெமோ இருக்கா ணா? நான் ஆடுனத நான் பாத்ததே இல்ல."

பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அந்த மெஷினில் ஏற்றினோம். டேப் சுற்றிய ஹெட்செட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை என்னிடம் திருப்பினான். குனிந்து கேட்டேன். 22ஆவது ரவுண்டுக்குத் தள்ளினான். டனல் வாயில் ஸ்மோக் விழுந்ததும் திரையில் படம் சிக்கி நின்றது. வெள்ளையாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

"இப்ப பின்ன கழட்டுவான் பாருங்க ணா" என்றான்.

எனக்கு இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.